530 கிலோமீட்டருக்கு எதற்கு ஒன்றரை மணி நேரம்? சென்னை – தூத்துக்குடி விமானக் கணக்கு

கேள்வி, ஸ்ரீவைகுண்டத்து அத்தான் அனுப்பியது (வாகைக்குளம் என்றால் தூத்துக்குடி விமான நிலையம்):
"மெட்ராஸுக்கும் வாகைக்குளத்துக்கும் நேர்கோட்டில் 530 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 போகும். நாற்பது நிமிசத்தில் வந்து இறங்க வேண்டியதுதானே? டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கான். மீதி ஐம்பது நிமிசம் எங்க போச்சு மாப்ளே?"

14 மே 2024, காலை

முதலில் தூரம். 530 என்று அத்தான் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாது, எனவே நானே போட்டுப் பார்த்தேன். சென்னை 13 டிகிரி 5 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 17 நிமிடம் கிழக்கு. தூத்துக்குடி 8 டிகிரி 46 நிமிடம், 78 டிகிரி 8 நிமிடம். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸைக் கூப்பிட்டால் 534 கிலோமீட்டர் வருகிறது. அத்தான் சொன்னது சரிதான். சாலை வழி 600க்குச் சற்று மேல், ரயில் வழி 650. மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேகம் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன். தண்ணீர் லாரி வந்துவிட்டது.

14 மே, இரவு

தப்பு. காலையில் நான் எடுத்தது ஊர்களின் புள்ளி, விமான நிலையங்களின் புள்ளி இல்லை. விமானம் நம் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி பனிமய மாதா கோயில் வாசலில் இறங்குவது மாதிரி கணக்குப் போட்டிருக்கிறேன். மீனம்பாக்கம் இருப்பது 12 டிகிரி 59 நிமிடம், 80 டிகிரி 10 நிமிடம். வாகைக்குளம் திருநெல்வேலி ரோட்டில் தள்ளி இருக்கிறது: 8 டிகிரி 43 நிமிடம், 78 டிகிரி ஒன்றரை நிமிடம்.

திருத்திய விடை: 528. தப்பான இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டே ஆறு கிலோமீட்டர் வித்தியாசத்தில் வந்து நின்றிருக்கிறேன். பரீட்சையில் இப்படி வந்திருந்தால் வாத்தியார் மதிப்பெண்ணும் கொடுத்திருப்பார், காதையும் திருகியிருப்பார்.

15 மே

பக்கத்து வீட்டு அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறார். திண்ணையில் நான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு கிலோமீட்டர்ல மல்லுக்கட்ற? நிமிசத்த நாட்டிக்கலா வச்சிக்கோ, முடிஞ்சுது" என்றார்.

அவர் சொன்னதுதான் கணக்கு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கடலோடிகள் அளவு அது, விமானிகளும் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளம் 4 டிகிரி 16 நிமிடம் தெற்கே, அதாவது 256 கடல் மைல். மேற்கே இரண்டு டிகிரி சொச்சம். ஆனால் பூமி உருண்டை என்பதால் கிழக்கு மேற்கு நிமிடங்கள் கொஞ்சம் சுருங்கும், நம் பக்கத்தில் நூற்றுக்கு இரண்டு மட்டும். அது 126. இரண்டையும் சேர்த்தால் குறுக்கே 285 கடல் மைல்.

நான் ஒரு முழு ராத்திரி போட்ட கணக்கை அவர் பீடி அணைவதற்குள் முடித்துவிட்டார். படகில் போனால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு எட்டு கடல் மைல், முப்பத்தாறு மணி நேரம், "ஆனா நேரா போவ முடியாது, அது வேற கத" என்றார். அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம்.

17 மே

இனி வேகம். அத்தானின் சறுக்கல் இங்கேதான். 800 என்பது ஏர்பஸ், போயிங் வகையறா உயரத்தில் போகும் வேகம். வாகைக்குளத்துக்குப் போவது ஏடிஆர் 72. இறக்கையில் இரண்டு காற்றாடி, எழுபது சொச்சம் இருக்கை. உச்ச வேகத்தில் மணிக்கு 510 கிலோமீட்டர், அதாவது 275 நாட். 25,000 அடிக்கு மேல் ஏறாது.

பெரிய விமானம் ஏன் போவதில்லை? ஓடுதளம் 1,351 மீட்டர்தான். ஏடிஆருக்கு அது போதும், ஏர்பஸ்ஸுக்குப் போதாது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல் என்பதோடு வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் எங்கள் தெரு.

ஆக, 285 கடல் மைலை 275 ஆல் வகுத்தால் 62 நிமிடம். கிளம்பும்போதே முழு வேகம், இறங்கும்போதும் முழு வேகம் என்று வைத்துக்கொண்டால்கூட 62. அத்தானின் நாற்பது நிமிடம் அங்கேயே காலி.

18 மே

அத்தான் பதில்: "அப்போ மீதி இருபத்தெட்டு?"

விடமாட்டார். பட்டா மாறுதலுக்கு மூன்று வருடம் விடாமல் அலைந்தவர்.

19 மே

சரி, இருபத்தெட்டு நிமிடம். டிக்கெட்டில் போடும் நேரம் வானில் பறக்கும் நேரம் இல்லை. விமானச் சக்கரத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை. பிளாக் டைம் என்பார்கள். நடுவில் ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்வது எல்லாம் அதில் சேரும். கொஞ்சம் கூடுதலாகவும் போட்டு வைப்பார்கள். பதினைந்து நிமிடத் தாமதத்துக்குள் வந்தால் சரியான நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு, அதனால் ஜாக்கிரதை. மாநகரப் பேருந்து நடத்துனர் கடைசி டிரிப் நேரத்தைச் சொல்வதற்கு நேர் எதிர்.

எந்த ஓடுதளம் என்பதும் உண்டு. மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுதளத்துக்கு இரண்டு பெயர்: 07, 25. திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி, பின்னால் ஒரு சுழியம் வெட்டியது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை நோக்கித்தான் ஏறுவதும் இறங்குவதும். மேல்காற்று என்றால் மேற்கு நோக்கி ஏறி இடது பக்கம் திரும்பினால் போதும், தெற்கு வந்துவிடும். கடல்காற்று என்றால் முதலில் கடலைப் பார்த்து ஏறிவிட்டுத் திரும்ப வேண்டும். அதில் ஐந்து நிமிடம் போகும்.

வரைபடத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புகுந்து, தஞ்சாவூரை உரசி, புதுக்கோட்டை, காரைக்குடி, கமுதி, வாகைக்குளம். தெற்கிலிருந்து 26 டிகிரி மேற்கே சாய்ந்த கோடு. உண்மையில் நூல் பிடித்தாற்போல் போக விடமாட்டார்கள், வான்வழிகள் தனியாக இருக்கின்றன. ஆனாலும் அம்மா பிறந்த ஊருக்கும் நான் பிறந்த ஊருக்கும் நடுவில் தஞ்சாவூர் பெரிய கோயில் இருக்கிறது என்பது இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை. ரயிலில் போகும்போது மதுரைதான் நடுவில் இருப்பது போல ஒரு நினைப்பு.

26 மே

சும்மா கணக்குப் போட்டால் ஆகாது என்று கிளம்பிப் போய்விட்டேன். அத்தை கூப்பிட்டு நாளாகிறது, அதுதான் காரணம், ஆனால் சட்டைப்பையில் சின்ன நோட்டும் இருந்தது.

வீட்டை விட்டு 7:05. தண்டையார்பேட்டை மெட்ரோவில் 7:20 ரயில். 8:15க்கு விமான நிலையம். 8:45க்குள் சோதனை எல்லாம் முடிந்து உட்கார்ந்துவிட்டேன். 9:35க்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏடிஆரில் பின்பக்க வாசல் வழியாக ஏற வேண்டும், முன்பக்கம் சாமான் அறை. அது தெரியாமல் முன்வரிசை இருக்கை வாங்கியவர்கள் முழு நீளத்தையும் நடந்தார்கள். கட்டை எடுத்தது 9:54. சக்கரம் மேலே எழும்பியது 10:04. மேற்கு நோக்கி ஏறி, இடது பக்கம் திரும்பினோம். வாகைக்குளத்தில் சக்கரம் தொட்டது 11:14. நின்றது 11:18. வெளியே 11:30. அத்தை வீடு 12:20.

வானில் 70 நிமிடம். கட்டைக்குக் கட்டை 84. டிக்கெட்டில் 90. ஆறு நிமிடம் லாபம்.

ஆனால் வீட்டுக்கு வீடு ஐந்தேகால் மணி நேரம். அதில் பறந்தது ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 530 கிலோமீட்டரை ஐந்தேகாலால் வகுத்தால் மணிக்கு நூறு. அத்தானிடம் சொன்னேன். "நூறுல என் காரே வருமே" என்றார். அவர் கார் எண்பது தாண்டினால் கதவு ஆடும்.

27 மே, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எழும்பிய முதல் பதினைந்து நிமிடம் ஏடிஆர் மெதுவாகத்தான் போகிறது, ஏறுவதற்கே சக்தி போய்விடுகிறது. 62க்கும் 70க்கும் நடுவில் இருக்கும் எட்டு நிமிடத்தில் பாதி அங்கே, பாதி நேர்கோடு இல்லாத பாதையில். இது என் ஊகம், ஆனால் கணக்கு ஒத்துவருகிறது.

2 ஜூன்

திரும்பினேன். போகும்போது மேல்காற்று லேசாக எதிரே, வரும்போது முதுகில் என்று நினைத்திருந்தேன். கோட்டின் சாய்வைப் பார்த்தால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் நமக்கு உதவும். 65 நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

76 நிமிடம். சாயங்காலம், கடல்காற்று வந்துவிட்டது. பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து இறங்க வேண்டிய வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆட்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முழு வட்டம் போட வைத்தார்கள். அதே ஏரியை இரண்டு தடவை பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மரியாதையாக ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மடியில் மக்ரூன் டப்பா. பெட்டிக்குள் போட்டால் மீனம்பாக்கத்தில் மாவாகத்தான் கிடைக்கும், தூத்துக்குடிக்காரர்கள் யாரும் போடமாட்டார்கள். கருவாடு கொண்டுவரலாமா என்று அம்மா கேட்டிருந்தார். எழுபது பேர் மூடிய டப்பாவுக்குள் ஒன்றேகால் மணி நேரம், வேண்டாம் அம்மா. அதற்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

9 ஜூன்

அண்ணன் சொன்ன "அது வேற கத". சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் போக வேண்டுமானால் கடற்கரையை ஒட்டியே தெற்கே போனால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முடியாது. கோடியக்கரை தாண்டினால் பாக் நீரிணை, அப்புறம் ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவில் மணல் திட்டுகள். கப்பலுக்கு ஆழம் கிடையாது. இலங்கையை முழுசாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கியபோது, 400 கடல் மைல் வரை, 30 மணி நேரம் வரை மிச்சம் என்று சொன்னார்கள். கால்வாய் வரவில்லை.

எங்கள் தெருமுனையில் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி நிற்கிறதே, துறைமுகத்துக்குள் போக வரிசை. அதில் தூத்துக்குடிச் சரக்கு ஏதாவது இருந்தால் கடல் வழியைவிட ரோட்டு வழிதான் பக்கம். இரண்டு துறைமுக ஊர், நடுவில் கடலே இருந்தும் கடல் உதவாது. ஆகாயத்தில் 285, தண்ணீரில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன். போகட்டும்.

11 ஜூன்

அண்ணன் திருத்தம்: விசைப்படகு பாம்பன் தூக்குப்பாலம் வழியாகப் போகலாம், அனுமதி வாங்கிக்கொண்டு. முடியாதது பெரிய கப்பலுக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

1 டிசம்பர் 2024

நேற்று ஃபெங்கல் புயல். நண்பகலிலிருந்து விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், இன்று விடிகாலைதான் திறந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் வளைகாப்புக்காக வாகைக்குளம் போக வேண்டியது. கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்கும்போது ரத்து என்று செய்தி. தெருவில் முழங்கால் தண்ணீர், எழும்பூர் போகவும் வழியில்லை. சீர்த்தட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வளையலை வீடியோவில் பார்த்தார்கள்.

தூரம், நேரம் என்று நான் போட்ட கணக்கெல்லாம் வெயில் காலத்துக் கணக்கு. 2015 டிசம்பரில் ஓடுதளமே ஆறாகி, சில நாள் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்துதான் விமானங்கள் போயின. அந்தப் பக்கமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அத்தை வீட்டு அடுப்படியில் தண்ணீர் நின்ற கோடு மே மாதம் போனபோதும் சுவரில் இருந்தது. வெள்ளையடிக்கச் சொன்னால், "கெடக்கட்டும்யா, அடுத்த தடவ எம்புட்டு ஏறுதுன்னு பாக்கணும்லா" என்றார்.

27 ஜூலை 2025

பழைய கேள்விக்குப் புதுப் பதில் எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று, ஜூலை 26 அன்று, வாகைக்குளத்தில் புது முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 17,340 சதுர மீட்டர். முக்கியமானது அது இல்லை, ஓடுதளம் 3,115 மீட்டர் ஆகிவிட்டது. இனி ஏர்பஸ் வகையும் இறங்கலாம்.

அத்தான் நேற்று ராத்திரியே கூப்பிட்டுவிட்டார். "இப்போ நாற்பது நிமிசம் வருமா வராதா?"

வராது. ஏன் என்றால், ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும், இது விமானிகளின் வாய்க்கணக்கு. 30,000 அடியில் போனால் இறங்கவே 90 கடல் மைல். ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு. 285இல் 180 போய்விட்டது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு மேல் போகவும் கூடாது. முழு வேகத்தில் போக மிச்சமிருப்பது நூறு கடல் மைல் சொச்சம், கமுதிக்காரர் அண்ணாந்து பார்ப்பதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம் என்று வைக்கலாம். ஊர்வது, நிற்பதெல்லாம் ஏடிஆருக்கு உள்ளதேதான். ஆக லாபம் கால் மணி நேரம்.

டில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போனால் ஜெட் ஜெட்தான். இந்தத் தூரத்துக்குக் காற்றாடி அதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடுகிறது.

29 ஜூலை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு யோசித்தேன். அந்தக் கால் மணி நேரத்தைவிட எனக்குப் பெரிய மிச்சம் வேறொன்று, நான் அதை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். "தண்டையார்பேட்டை மெட்ரோவில் 7:20 ரயில்."

2021 பிப்ரவரி 14க்கு முன்னால் அந்த நிலையமே இல்லை, வண்ணாரப்பேட்டையோடு மெட்ரோ நின்றிருந்தது. அன்றைக்குத்தான் விம்கோ நகர் வரை நீட்டினார்கள், ஒன்பது கிலோமீட்டர். அதற்கு முன் ஒரு தடவை அப்பாவை விமானம் ஏற்றப் போனோம். டி.எச். ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. ராயபுரம் பாலம் தாண்டவே ஐம்பது நிமிடம். கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூடிவிடும், நாங்கள் போய் நின்றபோது நாற்பது நிமிடம்தான் இருந்தது. அந்த விமான நிறுவனத்துப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா டாக்ஸிக்காரரிடம் சண்டை போடவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ராத்திரி முத்துநகரில் முன்பதிவில்லாத பெட்டியில் போனார். ஏழரை மணிக்கு எழும்பூர், காலை ஆறரைக்குத் தூத்துக்குடி. விமானத்தில் போயிருந்தால் முந்தின நாள் மத்தியானமே துட்டிக்கு, சாவு வீட்டுக்கு, போய்ச் சேர்ந்திருப்பார். அவருடைய பெரியண்ணன். எடுத்துவிட்டார்கள்.

3 ஆகஸ்ட்

ஆனால் மெட்ரோவுக்கும் ஒரு எல்லை உண்டு. முதல் ரயில் காலை ஐந்து மணிக்கு. ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. அதற்கு மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், அந்த நேரத்து ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். மெட்ரோவில் 50 ரூபாய்க்கு மேல் டிக்கெட்டே கிடையாது. எனவே புதிதாக வரும் ஜெட் எதுவும் விடிகாலை ஆறு மணிக்கு வைத்தால், வடசென்னைக்காரனுக்கு அது ஏடிஆரைவிட மெதுவான விமானம். பத்து மணி ஏடிஆர் எனக்குப் போதும்.

4 ஆகஸ்ட்

"ஒரே அடியாகச் சொல்லாதே, திருவான்மியூர்க்காரன் என்ன பாவம் பண்ணினான்" என்று தம்பி கேட்கிறான். அவனுக்கு விமான நிலையம் பக்கம், அவன் சிரமத்தை அவன் எழுதட்டும்.

10 ஆகஸ்ட்

அத்தை பேசினார். தீபாவளிக்கு வருகிறாயா என்றார். வருகிறேன் என்றேன். அத்தானைப் போல எத்தனை நிமிடம் என்று அவர் கேட்கவில்லை. "எய்யா, சோறு எத்தன மணிக்கு வைக்க?" பன்னிரண்டு இருபது என்றேன். "ஒரு மணிக்கு வைக்கேன்" என்றார். அந்த நாற்பது நிமிடத்தை அவர் எந்தக் கணக்கில் கூட்டினார் என்று கேட்கவில்லை.

12 ஆகஸ்ட்

அத்தான்: "அப்போ கப்பல்ல வந்தா எவ்வளவு நேரமாகும்?"

ஜூன் 9 குறிப்பைப் படியுங்கள் அத்தான்.